வேட்டைக்கு எட்டா, பத்தா, பன்னிரண்டா?

கேள்வி: உரிமம் வாங்கி, அனுமதித்த பருவத்தில் மட்டும் மான் வேட்டைக்குப் போகிறேன். வயது 54. தூரத்துக்கும் படிக்கவும் சேர்த்துப் புரோகிரஸிவ் மூக்குக்கண்ணாடி போடுகிறேன். பெரும்பாலும் காட்டு ஓரத்தில் மறைவிடத்தில் உட்காருவேன். மான் வருவது 50 முதல் 200 மீட்டருக்குள். பருவத்தில் நாலைந்து நாள் மட்டும் மரமில்லாத மலைச்சரிவுக்குப் போவதுண்டு. அங்கே 800 மீட்டர் வரை பார்க்க வேண்டியிருக்கும். இப்போது கையில் இருப்பது 10-30×60 ஜூம் பைனாகுலர். 10-இல் வைத்தாலே படம் ஆடுகிறது, பொழுது சாய்ந்தால் இருட்டிவிடுகிறது, அரை மணி நேரம் பார்த்தால் தலை வலிக்கிறது. கூட வரும் நண்பர் "12×50 வாங்கு, பவரும் அதிகம், லென்ஸும் பெரிது" என்கிறார். கடையில் 10×42 காட்டினார்கள். 8×42 என்றும் கேள்விப்படுகிறேன். எதை வாங்குவது?

பதில்: உங்கள் கடிதத்தில் இருக்கும் நாலு விவரங்களே பாதி பதிலைச் சொல்லிவிடுகின்றன: வயது 54, மூக்குக்கண்ணாடி, 50 முதல் 200 மீட்டர், பொழுது சாயும் நேரம். இந்த நாலுக்கும் ஒத்துவருவது 8×42. மலைச்சரிவு நாட்கள்தான் அதிகம் என்று எழுதியிருந்தால் 10×42-ஐயும் ஒரு ட்ரைபாடையும் சொல்லியிருப்பேன். 12×50 உங்களுக்கு எந்தக் கணக்கிலும் பொருந்தாது. காரணங்களைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால், அங்கே யார் என்ன சொன்னாலும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதல் எண் எத்தனை மடங்கு என்பது. இரண்டாவது எண் முன்லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 400 மீட்டரில் நிற்கும் மான் 8 மடங்கில் 50 மீட்டரில் நிற்பது போலவும், 10 மடங்கில் 40 மீட்டரில் நிற்பது போலவும், 12 மடங்கில் 33 மீட்டரில் நிற்பது போலவும் தெரியும். ஐம்பதுக்கும் நாற்பதுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரியதல்ல. 50 மீட்டரில் வெறுங்கண்ணால் பார்த்துக் கொம்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதவர், 40 மீட்டருக்கு நகர்ந்ததும் சட்டென்று சொல்லிவிடுவதில்லை. அந்தச் சிறிய லாபமும் கையில் பிடித்துப் பார்க்கும்போது முழுசாகக் கிடைக்காது.

கை நடுக்கம்தான் காரணம். எவ்வளவு திடமான கையிலும் ஒரு மெல்லிய ஆட்டம் இருக்கும். இதயத் துடிப்பும் மூச்சும் அதோடு சேர்ந்துகொள்ளும். பைனாகுலர் மானைப் பெரிதாக்குவது போலவே இந்த ஆட்டத்தையும் அதே மடங்கில் பெரிதாக்கும். 8-இலிருந்து 10-க்குப் போனால் மான் 25 சதவீதம் பெரிதாகிறது, ஆட்டமும் 25 சதவீதம் கூடுகிறது. 12-இல் 50 சதவீதம். மேடேறி மூச்சு வாங்கும் நேரத்தில் 12 மடங்கைத் தூக்கிப் பார்த்தால், கண் ஆட்டத்தைத் துரத்திக்கொண்டிருக்குமே தவிர காதையும் கொம்பையும் பார்க்காது. சாய்மானம் இல்லாமல் பிடித்துப் பார்ப்பதற்குப் பத்து மடங்கு மேல்வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு அது எட்டிலேயே நின்றுவிடும்.

உங்கள் வரம்பு எது என்று சோதிக்க எளிய வழி உண்டு. பல அளவில் எழுத்துகள் உள்ள ஒரு தாளை 30 மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். நின்றபடி, முழங்கையை எங்கும் ஊன்றாமல், 8 மடங்கில் எந்த வரி வரை படிக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 10 மடங்கில். அடுத்து இரண்டையும் ஒரு மேசையிலோ மதில் மேலோ ஊன்றிக்கொண்டு படியுங்கள். ஊன்றியபோது பத்து தெளிவாக முந்தி, நின்று பார்க்கும்போது இரண்டும் ஒரே வரியில் நின்றுவிட்டால், பத்தில் கூடுதலாகக் கிடைப்பதை உங்கள் கை விழுங்கிவிடுகிறது என்று பொருள். இந்தச் சோதனையைக் கொஞ்சம் வேகமாக நடந்து வந்து, மூச்சு சீராவதற்கு முன் செய்து பாருங்கள். வேட்டையில் அப்படித்தானே பார்க்கப்போகிறீர்கள்.

அடுத்தது வெளிச்சம். நண்பர் சொன்னதில் பெரிய பிழை இங்கேதான் இருக்கிறது, நேரம் எடுத்துப் பார்க்க வேண்டியதும் இதைத்தான். பைனாகுலரைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான வானத்துக்கு நேராகத் திருப்பினால் கண்ணருகு லென்ஸில் ஒரு சின்ன வெள்ளை வட்டம் தெரியும். கண்ணுக்குள் போகும் ஒளிக்கற்றையின் அகலம் அதுதான். முன்லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் அதன் அளவு வரும். 8×42-க்கு 5.25 மிமீ. 10×42-க்கு 4.2 மிமீ. 12×50-க்கு 50-ஐ 12-ஆல் வகுத்தால் 4.17 மிமீ. அதாவது கண்ணுக்கு வரும் வெளிச்சத்தில் 12×50-உம் 10×42-உம் ஒன்றுதான். பெரிய லென்ஸ் கூடுதலாக வாங்கிய ஒளியைக் கூடுதல் பவர் பரப்பித் தீர்த்துவிட்டது. மிஞ்சியது எடை மட்டும்.

இந்த ஒளிவட்டத்தை உங்கள் கண்பாவையோடு ஒப்பிட வேண்டும். நல்ல வெயிலில் கண்பாவை 2 முதல் 3 மிமீ வரை சுருங்கியிருக்கும். அப்போது நாலு மில்லிமீட்டரும் ஐந்து மில்லிமீட்டரும் கண்ணுக்கு ஒன்றேதான். மீதி ஒளி கருவிழியில் பட்டு வீணாகும். அதனால்தான் நண்பகலில் கடையில் நின்று பார்த்தால் எல்லாப் பைனாகுலரும் ஒரே வெளிச்சமாகத் தெரிகிறது. இருட்டில் இளம் கண்கள் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற இது குறைந்து, ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும். ஆளுக்கு ஆள் மாறுபடும். கண் மருத்துவரிடம் கேட்டால் அளந்து சொல்வார்.

உங்களுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்வோம். 8×42 தரும் 5.25 அதை நிரப்பிவிடுகிறது. 10×42 தரும் 4.2 மிமீ வட்டத்தின் பரப்பு, ஐந்து மிமீ கண்பாவையின் பரப்பில் சுமார் 70 சதவீதம்தான். பொழுது சாய்ந்த கடைசிப் பதினைந்து நிமிடத்தில் இந்த முப்பது சதவீதம் நன்றாகவே தெரியும்: புதருக்கு முன்னால் நிற்கும் பழுப்பு உடம்பு, புதரிலிருந்து பிரிந்து தெரிகிறதா இல்லையா என்பது இதில்தான் இருக்கிறது. சிலர் அந்திக்கென்றே 8×56 வாங்குவார்கள். ஏழு மில்லிமீட்டர் விரியும் கண்ணுக்கு அது அருமையான கருவி. ஐந்து மில்லிமீட்டர் கண்ணுக்கு, எட்டை ஐந்தால் பெருக்கினால் நாற்பது: முன்லென்ஸின் 56 மில்லிமீட்டரில் நாற்பதின் ஒளி மட்டுமே உள்ளே போகும். அந்தப் பெரிய வட்டத்தில் கண்ணை வைப்பது சுலபம் என்ற வசதி உண்டு, அதற்காக ஒரு கிலோவுக்கு மேல் கழுத்தில் சுமக்க வேண்டும்.

பெட்டிமேல் "ட்விலைட் ஃபேக்டர்" என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். மடங்கையும் லென்ஸ் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது. 8×42-க்கு 18.3, 10×42-க்கு 20.5, 12×50-க்கு 24.5. இதைக் காட்டித்தான் 12×50 அந்திக்குச் சிறந்தது என்பார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது: மங்கிய ஒளியில் கண்ணின் கூர்மை குறைந்துவிடுவதால், உருவம் பெரிதாக இருந்தால் விவரம் கூடுதலாகத் தெரியும். ஆகவே ட்ரைபாடில் பூட்டிவிட்டால் மெல்லிருளில் 10×42, 8×42-ஐ விட ஒருபடி கூடுதல் விவரம் காட்டவும் கூடும். ஆனால் இந்த எண் கண்பாவையையும் அறியாது, கை நடுக்கத்தையும் அறியாது, லென்ஸ் கண்ணாடியின் தரத்தையும் அறியாது. கணக்குப்படி ஒரு 20×25 கருவிக்கும் 10×50-க்கும் அது ஒரே 22.4 தான். முதலாவதன் ஒளிவட்டம் 1.25 மிமீ, அந்தியில் அதில் ஒன்றும் தெரியாது. ஒளிவட்டம் ஒத்த இரண்டு கருவிகளுக்குள் ஒப்பிட மட்டும் அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள்.

உங்கள் ஜூம் பைனாகுலரின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 10-இல் வைத்தால் 60-ஐ 10-ஆல் வகுத்து ஆறு மில்லிமீட்டர் வர வேண்டும். அந்தியில் இருட்டவே கூடாது. இருட்டுகிறது என்கிறீர்கள். ஒரு ஸ்கேலை எடுத்துக் கண்ணருகு லென்ஸின் மேல் வைத்து அந்த வெள்ளை வட்டத்தை அளந்து பாருங்கள். ஆறுக்குப் பதில் நாலுதான் இருந்தால், முன்லென்ஸ் 60 என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஒரு வளையமோ, ஒளியை மடக்கித் திருப்பும் பிரிசம் என்ற கண்ணாடிக்கட்டி சிறிதாக இருந்தோ ஒளியை வெட்டி, நிஜத்தில் அதை நாற்பது மில்லிமீட்டர் கருவியாக்கிவிட்டது. வட்டம் முழு வட்டமாக இல்லாமல் ஓரங்கள் சாம்பல் நிறத்தில் சதுரமாக மழுங்கியிருந்தால் பிரிசம் மலிவான கண்ணாடி. ஆறு மில்லிமீட்டர் முழுசாக இருந்தும் மங்கலாக இருந்தால் குற்றம், ஒளி திரும்பிப் போகாமலிருக்க லென்ஸ்மேல் பூசும் பூச்சில். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் நாலு சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஜூமில் லென்ஸ்கள் அதிகம், பரப்புகளும் அதிகம். இழப்பு கூடிக்கொண்டே போகும். 30-இல் வைத்தால் ஒளிவட்டம் இரண்டு மில்லிமீட்டர், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தலைவலிக்கு வேறு காரணம். ஜூமில் இரண்டு குழலும் ஒரே அளவில் பெருக்க வேண்டும்; உள்ளே இரண்டையும் இணைக்கும் பட்டையோ பல்லோ கொஞ்சம் தளர்ந்தால் இடது கண்ணுக்கு ஒரு பெருக்கம், வலது கண்ணுக்கு ஒரு பெருக்கம். மூளை இரண்டையும் ஒட்டவைக்கப் பாடுபடும், தலை வலிக்கும். இரண்டு குழலும் ஒரே திசையைப் பார்க்காமல் விலகியிருந்தாலும் இதேதான். பைனாகுலரை அசையாமல் ஊன்றி, தூரத்துக் கூரை விளிம்பு போல ஒரு கிடைக்கோட்டைப் பாருங்கள். கண்ணை மெதுவாகப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் பின்னுக்கு இழுங்கள்; இரண்டு தனித்தனி வட்டங்கள் தெரியும். இரண்டிலும் கோடு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் ஏறி ஒன்றில் இறங்கியிருந்தால் கருவி விலகியிருக்கிறது. புதியது வாங்கும்போதும் இதைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். வேட்டைக்கு ஜூம் பைனாகுலர் வேண்டவே வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

இனி காட்டு ஓரத்துக்கு வருவோம். அங்கே மானைப் பெரிதாக்குவதை விட அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. பார்வைப்பரப்பு என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள்: 1000 மீட்டரில் எத்தனை மீட்டர் அகலம் தெரியும் என்று. பாகையில் எழுதியிருந்தால் ஒரு பாகைக்கு 17.5 மீட்டர் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். நல்ல 8×42-இல் 130 முதல் 140 மீட்டர் வரை, 10×42-இல் 110 முதல் 120 வரை, 12×50-இல் பெரும்பாலும் நூறு அளவில். ஜூம்களில் 10 மடங்கிலேயே அறுபது எழுபதுதான் வரும், குழாய்க்குள் பார்ப்பது போல இருக்கும். இந்த எண்ணை உங்கள் தூரத்துக்கு இறக்கிப் பாருங்கள். 60 மீட்டரில் 8 மடங்கு சுமார் எட்டு மீட்டர் அகலம் காட்டும், 10 மடங்கு ஏழுக்கும் குறைவு, 12 ஆறு. வெறுங்கண்ணுக்கு ஒரு அசைவு தெரிந்து, பைனாகுலரைத் தூக்கியதும் அந்த இடம் வட்டத்துக்குள் விழ வேண்டும். எட்டு மீட்டரில் விழும். ஆறில் "எங்கே போச்சு" என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் தலையை அசைத்து அசைத்துத் தேடினால் மான் உங்களைப் பார்த்துவிடும்.

ஃபோகஸ் ஆழம் இன்னொன்று. எவ்வளவு தூரத்திலிருந்து எவ்வளவு தூரம் வரை ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரியும் என்பது மடங்கின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும். எட்டில் கிடைக்கும் ஆழம் பத்தில் கிடைப்பதைப் போல ஒன்றரை மடங்கு. எட்டில் ஒருமுறை வைத்தால் காட்டு ஓரம் முழுக்க ஓரளவு தெளிவாக இருக்கும்; பத்தில் சக்கரத்தை விரல் ஓயாமல் திருகிக்கொண்டிருக்கும்.

சக்கரத்தைப் பற்றிச் சொல்லும்போதே: புதருக்குள் பார்க்கையில் முன்கிளையில் ஃபோகஸை நிறுத்திவிடாதீர்கள். சக்கரத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். முன்னால் உள்ள குச்சிகள் கரைந்து மங்கும், அடுத்த அடுக்கு இலைகள் எழும், அவையும் கரையும், அதற்குப் பின்னால் ஒரு ஈரமான கரிய மூக்கு நுனியோ, செங்குத்தான அடிமரங்களுக்கு நடுவே கிடையாக ஓடும் முதுகுக்கோடோ வந்து நிற்கும். முழு மானைத் தேடுகிறவருக்கு மான் கிடைப்பது அபூர்வம். காது, கால், வால் அடிப்பக்கத்து வெள்ளை, கண்ணில் ஒரு மினுக்கு என்று துண்டு துண்டாகத் தேட வேண்டும். இந்த வேலைக்குப் பத்து மடங்கும் உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆழம் குறைவு என்பதால் அடுக்குகள் இன்னும் தெளிவாகப் பிரியும். ஆனால் அது ஊன்றி உட்கார்ந்தவருக்கு மட்டும்.

மூக்குக்கண்ணாடி விஷயத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் முதல் வடிகட்டி. கண்ணருகு லென்ஸிலிருந்து கண்ணை எவ்வளவு தள்ளி வைத்தால் முழுப் பரப்பும் தெரியும் என்பதை ஐ ரிலீஃப் என்பார்கள். கண்ணாடி போட்டவருக்குக் குறைந்தது 15 மிமீ வேண்டும், 17-18 இருந்தால் நிம்மதி. அதற்குக் குறைந்தால் ஓரங்கள் கறுத்துப்போய், 135 மீட்டர் என்று பெட்டி சொல்லும் பரப்பில் தொண்ணூறோ நூறோதான் உங்களுக்குக் கிடைக்கும். ஒரே வரிசைத் தயாரிப்பில் எட்டு மடங்கை விடப் பத்து மடங்கில் இந்த இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர் குறைவாக இருப்பது வழக்கம், பார்த்து வாங்குங்கள். ரப்பர் கண்குவளைகளை முழுக்கக் கீழே திருகி இறக்கிவிட்டுப் பாருங்கள். வட்டத்தின் விளிம்புக் கோடு சுற்றிலும் கூர்மையாகத் தெரிந்தால் சரி.

புரோகிரஸிவ் கண்ணாடியில் மேல்பாதிதான் தூரத்துக்கு. பைனாகுலரைத் தாழ்த்திப் பிடித்தால் நடுப்பகுதி வழியாகப் பார்ப்பீர்கள், ஓரம் குழம்பும். முகவாயைக் கொஞ்சம் இறக்கி, கண்ணாடியின் மேற்பகுதி வழியாகப் பார்க்கப் பழகுங்கள். வேட்டைக்கென்று தூரப்பார்வைக்கு மட்டுமான ஒரு தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. வெறும் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோதான் குறை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் சக்கரத்திலேயே சரிசெய்யலாம். ஆனால் பைனாகுலரை இறக்கியதும் வெறுங்கண்ணுக்குக் காடு மங்கலாகிவிடும், மான் நகர்ந்தால் கோட்டை விடுவீர்கள். உருளைப் பவர், அதாவது அஸ்டிக்மாடிஸம், குறிப்பிடும்படி இருந்தால் கழற்றவே முடியாது. அதைப் பைனாகுலர் சரிசெய்யாது.

இப்போது மலைச்சரிவு. 800 மீட்டர் என்பது 8 மடங்கில் 100 மீட்டர், 10-இல் 80, 12-இல் 67. மான் இருக்கிறதா என்று தெரிய எட்டே போதும், கருவி அசையாமல் இருந்தால். கொம்பில் எத்தனை கிளை என்று எண்ண வேண்டுமானால் பன்னிரண்டும் போதாது. அது ட்ரைபாடில் நிற்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் வேலை, அல்லது 15×56 போன்ற பெரிய கருவியின் வேலை. நடுவில் நிற்கும் 12×50 இரண்டுக்கும் இல்லாமல் போகிறது: கையில் பிடிக்க அதிகம், எண்ணிப் பார்க்கக் குறைவு. நாலைந்து நாளுக்காக அதை வருஷம் முழுக்கக் காட்டு ஓரத்தில் சுமப்பதில் அர்த்தமில்லை. வெயிலேறிய பிறகு தரையிலிருந்து எழும் கானல் வேறு இருக்கிறது. அது படத்தை நெளியவைக்கும்போது மடங்கு கூடக்கூட நெளிவும் கூடும்; விவரம் கூடாது.

அந்த நாட்களுக்கு வாங்க வேண்டியது ட்ரைபாட் அடாப்டர். பெரும்பாலான 42 மில்லிமீட்டர் பைனாகுலர்களில் இரண்டு குழலையும் இணைக்கும் கீலின் முன்முனையில் ஒரு சிறிய மூடி இருக்கும். அதைத் திருகிக் கழற்றினால் உள்ளே கால் அங்குல மரை. ‘ட’ போல மடங்கிய ஒரு அடாப்டரை அதில் முடுக்கிக் கேமரா ட்ரைபாடில் வைக்கலாம். வாங்கும் முன் அந்த மரை இருக்கிறதா என்று பாருங்கள், எல்லாவற்றிலும் இருக்காது. ட்ரைபாடில் நிற்கும் 8×42, கையில் ஆடும் 12×50-ஐ விடக் கூடுதலாகக் காட்டும். ட்ரைபாடைத் தாழ்வாக வைத்து, உட்கார்ந்து, சரிவைப் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வட்டத்தை நிறுத்திவிட்டுக் கண்ணை மட்டும் அதற்குள் ஓட்டுங்கள். ஒரு பத்துப் பதினைந்து விநாடி. பிறகு பாதி வட்டம் மேலே விழும்படி அடுத்த இடத்துக்கு நகர்த்துங்கள். ஓடிக்கொண்டே இருக்கும் வட்டத்தில் காதாட்டம் தெரியாது.

ட்ரைபாட் இல்லாத இடத்தில் உட்கார்ந்து முழங்கைகளை முழங்கால்களின் உள்பக்கம் ஊன்றுங்கள். தொப்பி விளிம்பையும் பைனாகுலரையும் விரல்களால் சேர்த்துப் பிடித்தால் ஆட்டம் பாதியாகக் குறைந்தது போல இருக்கும். நிற்கும்போது மரத்தில் சாய்ந்துகொள்ளுங்கள்.

துப்பாக்கி ஸ்கோப்பால் தேடலாமே என்று சிலர் நினைப்பார்கள். கூடாது. ஸ்கோப் பார்க்கும் இடத்தைத்தான் துப்பாக்கிக் குழலும் பார்க்கிறது. புதருக்குப் பின்னால் அசைவது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். மான்தான், சுடக்கூடிய மான்தான், பின்னால் ஆளில்லை என்று பைனாகுலரில் உறுதியான பிறகே துப்பாக்கி தோளுக்கு வர வேண்டும்.

கடையில் என்ன பார்ப்பது? முடிந்தால் பொழுது சாயும் நேரத்துக்குப் போங்கள், வெளியே கொண்டுபோய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். விலை ஒத்த 8×42-ஐயும் 10×42-ஐயும் மாற்றி மாற்றி, நிழல் மண்டிய ஒரு மூலையைப் பாருங்கள். பிறகு மறைந்த சூரியனின் பக்கத்து வெளிர்வானத்துக்குக் கீழே உள்ள கருத்த மரங்களைப் பாருங்கள். தரமில்லாத கருவியில் அந்த இடம் முழுக்க வெள்ளைப் புகை படிந்தது போல வெளிறிவிடும். அந்தி வேட்டையில் மானைத் தொலைப்பது பெரும்பாலும் இந்த வெளிறல்தான், பவர் குறைவல்ல. சூரியன் அடிவானத்தில் ஒரு துளி இருந்தாலும் அந்தப் பக்கம் திருப்பாதீர்கள், கண் போய்விடும்.

விவரச் சீட்டில் தேட வேண்டிய சொற்கள்: எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு, அதாவது ஃபுல்லி மல்டிகோட்டட், பிஏகே-4 என்ற நல்ல கண்ணாடியில் செய்த பிரிசம், நேர்குழல் அமைப்பாக (ரூஃப் பிரிசம்) இருந்தால் பிரிசத்தின் மேல் ஃபேஸ் கோட்டிங் என்ற பூச்சு. வெறுமனே "கோட்டட்" என்று மட்டும் எழுதியிருந்தால் சில பரப்புகளில்தான் பூச்சு என்று எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடி போலச் சிவப்பாகப் பளபளக்கும் முன்லென்ஸைக் கண்டு மயங்க வேண்டாம். அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதுதான் அதன் பொருள், பழுப்பு மானைப் பார்க்க வேண்டியவருக்கு அந்தச் சிவப்பு வேண்டும். நிறச்சிதறலைக் குறைக்கும் ஈடி கண்ணாடி லென்ஸ் இருந்தால் வானத்துக்கு எதிரே கொம்பைச் சுற்றி வரும் ஊதா ஓரம் குறையும். பத்து மடங்கில் அதன் பயன் கூடுதல், எட்டில் அது இல்லாமலும் சமாளிக்கலாம். கையில் உள்ள பணம் அளவானதாக இருந்தால் எட்டுக்கே போக இதுவும் ஒரு காரணம்: மடங்கு கூடக்கூட லென்ஸின் குறைகளும் பெரிதாகத் தெரியும், ஒரே விலையில் எட்டு பெரும்பாலும் பத்தை விடத் தெளிவாக இருக்கும்.

நீர் புகாத, நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பியதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த காலையில் உள்ளே பனி படியும், அதைத் துடைக்க வழியே இல்லை. எடை 42 மில்லிமீட்டரில் 650 முதல் 850 கிராம் வரை இருக்கும். கூடவே வரும் ஒல்லிக் கழுத்துவாரை வீட்டிலேயே வைத்துவிட்டுத் தோள்வார் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்; எடை கழுத்திலிருந்து தோளுக்குப் போகும், குனிந்தால் பைனாகுலர் துப்பாக்கியில் மோதாது.

வாங்கிய அன்றே இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகச் சரிசெய்துவிடுங்கள். பலர் இதைச் செய்யாமலே கருவியைக் குறை சொல்வார்கள். முதலில் கீலை மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒன்றாகும்படி கண்ணகலத்தை வையுங்கள். ஐம்பது அறுபது மீட்டரில் நுணுக்கமான ஒரு பொருளை, மரப்பட்டை மாதிரி, தேர்ந்துகொள்ளுங்கள். வலது முன்லென்ஸை உள்ளங்கையால் மூடி, நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இரண்டு கண்ணும் திறந்தே இருக்க வேண்டும். ஒன்றை இடுக்கினால் மற்றதும் இறுகி அளவு தவறும். பிறகு இடது முன்லென்ஸை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண்ணருகு லென்ஸில் இருக்கும் டயாப்டர் வளையத்தைத் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். சில தயாரிப்புகளில் இந்த வளையம் இடப்பக்கமோ நடுச் சக்கரத்திலோ இருக்கும். அங்கே கண்களின் வரிசையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வளையம் நிற்கும் இடத்தில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டால், பையில் உரசி நகர்ந்தாலும் இருட்டில் திரும்ப வைக்கலாம்.

குளிர்காலத்தில் பைனாகுலரைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்காதீர்கள். உடம்பின் ஈரம் லென்ஸில் படிந்து, வெளியே எடுத்ததும் மங்கிவிடும். மேலங்கிக்கு வெளியே தொங்கட்டும், மூச்சைக் கீழ்நோக்கி விடுங்கள். லென்ஸில் மண் துகள் இருந்தால் முதலில் ஊதியோ மென்தூரிகையாலோ தட்டிவிட்டுப் பிறகே துணி. நேராகத் துடைத்தால் அந்தத் துகளே பூச்சைக் கீறிவிடும்.